பேக்கப் டிரைவ் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

எக்ஸ்டர்னல் டிரைவ் மக்கர் செய்தால் கை தானாக ஃபார்மேட் பட்டன் பக்கம் போகும். அதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த டிரைவில் இருப்பதெல்லாம் வேறு எங்காவது இன்னொரு நகலாக இருக்கிறதா?

இருக்கிறது என்றால் பயமே இல்லை. கீழே சொல்லும் எதையும் தைரியமாகச் செய்து பார்க்கலாம், கடைசியில் ஃபார்மேட்டும் போட்டுவிடலாம். இல்லை என்றால் அது பேக்கப் டிரைவே கிடையாது, உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி. அதற்கு வைத்தியம் வேறு. நிறைய வீடுகளில் இப்படித்தான் ஆகிறது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று கல்யாண வீடியோவையும் குழந்தையின் முதல் வருடப் படங்களையும் டிரைவுக்கு 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்துவிடுகிறார்கள். மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'பேக்கப்' என்று எழுதியிருக்கும். அந்த டிரைவ் போனால் எல்லாம் போச்சு.

ஆகவே கீழே 'ஒரே பிரதி' என்று வரும் இடங்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மற்ற இடங்களில் வேகமாகப் போகலாம். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மேக்கில் மாறுபடும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

செருகினால் எந்த அசைவும் இல்லை

விளக்கும் எரியவில்லை, சுழலும் சத்தமும் இல்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளில் வரும் அந்த அகலமான, தட்டையான, நடுவில் பிளவுபட்ட முனை இருக்கிறதே, அது சில வருடங்களில் தளர்ந்துவிடும். டிரைவைக் கையில் தூக்கிக் கேபிளை ஆட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருக்கலாம். டிரைவை மேசையில் வைத்துவிட்டு வேறு கேபிள் போடுங்கள். அப்புறம் வேறு போர்ட். அப்புறம் வேறு கம்ப்யூட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி யாரென்று தெரியும்.

டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை நம்ப வேண்டாம். அது உள்ளே ஒரு மெல்லிய ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது, கரண்ட் நன்றாக வரும். நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

2.5 அங்குல போர்ட்டபிள் டிரைவுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது, யுஎஸ்பி போர்ட் கொடுப்பதை வைத்துத்தான் சுழல வேண்டும். விதிமுறைப்படி யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900 தரும். தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் தேவை அதிகம். பழைய லேப்டாப்பில் திணறும் டிரைவ் பக்கத்து வீட்டுப் புது லேப்டாப்பில் ஜம்மென்று ஓடுவதற்கு இதுதான் காரணம்.

3.5 அங்குல டிரைவ் என்றால் அதற்கென்று 12 வோல்ட் அடாப்டர் இருக்கும். டிரைவை விட அடாப்டர்தான் முதலில் போகும். மாற்று வாங்கும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது அதற்கு மேல், பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும். பின் சேருகிறதே என்று லேப்டாப் சார்ஜரைச் செருகிவிடாதீர்கள். 12 வோல்ட் எதிர்பார்க்கும் போர்டுக்குள் 19 வோல்ட் போனால் அன்றோடு அந்த போர்டு காலி.

எந்தக் கம்ப்யூட்டரிலும் உயிர் வரவில்லை என்றாலும் உள்ளே டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். யுஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் சின்ன போர்டு மட்டும் போயிருக்கும். சில டிரைவ்களில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கேசில் போட்டால் வேலை செய்யும். ஆனால் சில கம்பெனிகளின் போர்ட்டபிள் டிரைவ்களில் யுஎஸ்பி சாக்கெட்டே டிஸ்க்கின் போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும்; இன்னும் சிலவற்றில் அந்த போர்டு டேட்டாவைப் பூட்டி எழுதுகிறது, வேறு கேசில் படிக்காது. ஒரே பிரதி என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விளக்கு எரிகிறது, 'திஸ் பிசி'யில் டிரைவைக் காணோம்

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பட்டை பட்டையாகத் தெரியும். கொள்ளளவை வைத்து உங்கள் டிரைவ் எது என்று கண்டுபிடியுங்கள்.

பட்டை நீலத் தலைப்போடு இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் பிரச்சினை அற்பம். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' போய் ஒரு எழுத்து கொடுங்கள், வேலை முடிந்தது.

கறுப்புத் தலைப்போடு 'அன்அலோகேட்டட்' என்று காட்டினால், புது டிரைவுக்கு அது சகஜம். ஏற்கெனவே பயன்படுத்திய டிரைவ் என்றால் பார்ட்டிஷன் பட்டியல் அழிந்திருக்கிறது என்று பொருள். படங்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், வழிகாட்டும் அட்டவணை மட்டும் இல்லை. 'இனிஷியலைஸ் செய்யவா' என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் செய்யுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இழந்த பார்ட்டிஷனைத் தேடிக் கொடுக்கும். பார்க்க அழகாக இருக்காது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்தான், ஆனால் வேலைக்காரன்.

'டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்கிறது

வீட்டுப் பேக்கப்புகளில் அதிக சேதம் இந்தப் பெட்டியால்தான் நடக்கிறது. விண்டோஸ் சொல்ல வருவது 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்பது மட்டும்தான். ஆனால் அது அதைச் சொல்லாமல், நீலப் பட்டனைக் காட்டி ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. வீட்டில் யாராவது அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுவார்கள்.

கேன்சல் செய்துவிட்டு யோசியுங்கள்: இந்த டிரைவ் கடைசியாக எங்கே இருந்தது?

மேக்கில் பயன்படுத்தியிருந்தால் டிரைவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆப்பிளின் ஃபார்மேட் முறைகளான ஏபிஎஃப்எஸ், எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸ் டிரைவுக்கும் இதே கதை. எந்த மெஷினில் எழுதினீர்களோ அங்கேயே திறந்து பாருங்கள்.

ஸ்மார்ட் டிவியில் செருகியிருந்தீர்களா? கல்யாண வீடியோவைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று பேக்கப் டிரைவை டிவிக்குப் பின்னால் செருகுவது நம் வீடுகளில் சாதாரணம். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியுள்ள டிவிகள் 'பதிவுக்காக இந்த டிஸ்க்கைத் தயார் செய்யவா' என்று கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்தினால் டிவி தன் பாணியில் ஃபார்மேட் செய்துவிடும். டிவிக்கு ஒரு பென் டிரைவ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் டிரைவுக்கும் வரவேற்பறைக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

இரண்டும் இல்லை, நேற்று வரை இதே கம்ப்யூட்டரில் நன்றாக இருந்தது என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ரா' என்று காட்டுகிறதா பாருங்கள். அப்படியென்றால் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, சிதைந்திருக்கிறது. எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியதோ, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதோ காரணமாக இருக்கலாம். இங்கே பாதை பிரிகிறது. வேறு நகல் இருந்தால் ஃபார்மேட் போட்டு மறுபடி பேக்கப் எடுங்கள், அரை நாளில் வேலை முடிந்தது. ஒரே பிரதி என்றால் முதலில் ஃபோட்டோரெக் போன்ற ரெக்கவரி மென்பொருள். மீட்கும் ஃபைல்களை அதே டிரைவில் சேமிக்கக் கூடாது, இன்னொரு டிரைவ் வேண்டும். 'செக் டிஸ்க்' ஓட்டுவதெல்லாம் மீட்டு முடித்த பிறகுதான். அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கப் பிறந்தது, உங்கள் படங்களைக் காப்பாற்ற அல்ல. சீராக்கும்போது தனக்குப் புரியாத துண்டுகளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடும்.

டக்... டக்... என்று சத்தம்

சீரான இடைவெளியில் டக் என்று அடித்து, கொஞ்சம் நின்று, மறுபடி டக் என்று அடித்தால் உள்ளே படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. கரண்ட் போதாவிட்டாலும் இதே போன்ற சத்தம் வரும். அதனால் ஒரே ஒரு முறை, நல்ல கேபிளோடு பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தால் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மேல் முயன்றால் ஒவ்வொரு முறையும் தட்டின் மேற்பரப்பு கீறுபட வாய்ப்பு உண்டு.

ஃப்ரீசரில் வைப்பது, ஓங்கித் தட்டுவது, யூடியூப் பார்த்துத் திறப்பது எல்லாம் வேண்டாம். தட்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒரு தூசுகூட நுழையாது. சாப்பாட்டு மேசையில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரெக்கவரி லேபில் பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். அந்தப் படங்களுக்கு அவ்வளவு தரலாமா என்பது உங்கள் முடிவு. வேறு நகல் இருந்தால் கேள்வியே இல்லை, புது டிரைவ் வாங்குங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் சில ஃபோல்டர்களைத் திறந்தால் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது என்றால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். இலவசம். நீலம் என்றால் நலம், மஞ்சளில் 'காஷன்' என்றால் மாற்று தேட வேண்டிய நேரம். அதில் மூன்று வரிகள் போதும். 'ரீஅலோகேட்டட் செக்டார்ஸ்' ஏறியிருந்தால் கெட்டுப்போன இடங்களை டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறது. 'கரண்ட் பெண்டிங் செக்டார்' பூஜ்யத்தைத் தாண்டினால், இப்போது படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. 'சிஆர்சி எரர்' மட்டும் கூடியிருந்தால் தட்டின் மேல் பழி போடாதீர்கள், அது டேட்டா வரும் வழியில், இணைப்பில் உள்ள கோளாறு.

பெண்டிங் செக்டார் இருந்து, ஒரே பிரதியாகவும் இருந்தால் ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போட்டு காப்பி செய்யாதீர்கள். லினக்ஸ் பழகியவர் என்றால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டுங்கள்: முதலில் நல்ல இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். பழகாதவர் என்றால் மிக முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள். டிஸ்க்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

காப்பி நகரவே இல்லை

முதலில் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரை நின்று, அதற்கு மேல் ஏறவே இல்லையென்றால் யுஎஸ்பி 2.0 வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. 500 ஜிபியை நொடிக்கு 35 எம்பி வீதம் ஏற்ற ஏறக்குறைய 4 மணி நேரம் பிடிக்கும். அதே டிரைவ் 3.0 போர்ட்டில் நொடிக்கு 120 எம்பி எட்டினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும். போர்ட்டின் உள் நாக்கு நீல நிறமா என்று பாருங்கள். பெரும்பாலும் நீலம் 3.0, கறுப்பு 2.0. எல்லாக் கம்பெனியும் இந்த நிறத்தைப் பின்பற்றுவதில்லை.

போர்ட் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் கேபிள். போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிள்களில் பல, வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே 2.0 ஒயர்கள்தான். சார்ஜ் நன்றாக ஏறும், டேட்டா ஊரும். டிரைவோடு வந்த கேபிளை டிரைவோடே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வையுங்கள்.

ஆரம்பத்தில் 120 என்று ஓடி, கொஞ்ச நேரத்தில் 20, 10 என்று விழுந்தால் அது வேறு நோய், சொல்லப்போனால் நோயே இல்லை. இப்போது வரும் பெரிய கொள்ளளவு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில் எழுதுகின்றன. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பது போல எழுத்துத் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதைத் தொடர்ந்து வருவதையும் மறுபடி எழுத வேண்டும். புதிதாக ஏற்றுவதை முதலில் ஒரு தனி இடத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். அது நிறைந்ததும் தள்ளாடும். 2020-இல் நெட்வொர்க் சேமிப்புக்கென்று விற்ற டிஸ்க்குகளிலும் இந்த முறை சொல்லாமல் நுழைந்திருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. வீட்டுப் பேக்கப்புக்கு இது பெரிய குறையில்லை. முதல் பேக்கப்பை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிகளில் மலிவு விலையில் வருபவையும் இப்படித்தான், வேக இடம் நிறைந்ததும் மூச்சு வாங்கும்.

ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தாலும் வேகம் இறங்கும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், காத்திருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்றுகொள்கிறது

டிங் டாங் என்று சத்தம் வந்து டிரைவ் மறைந்து, மறுபடி வருகிறது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்த பிறகும் இருந்தால், கம்ப்யூட்டர் கரண்ட் மிச்சம் பிடிக்கிறதா பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதற்குள் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று இருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டே பேக்கப் எடுங்கள், நடுவில் ஸ்லீப் போகாமல் இருக்க.

சில நிமிடம் நன்றாக ஓடி, சூடானதும் கழன்றால் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். லேப்டாப் பையின் மேல், மெத்தையின் மேல் வைக்காமல் மேசையில் வையுங்கள். மே மாதத்தில் ஃபேன் அடியில் வைப்பது தப்பே இல்லை.

அடாப்டர் போட்ட 3.5 அங்குல டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்ப்யூட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்து, டிரைவின் அடாப்டர் சாதாரணப் பிளக்கில் இருந்தால் கரண்ட் போகும்போது டிரைவ் மட்டும் செத்துவிழும். இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

'ஃபைல் மிகப் பெரியது' என்று மறுக்கிறது

டிரைவில் 300 ஜிபி காலியிடம் இருக்கும். 6 ஜிபி கல்யாண வீடியோ மட்டும் ஏறாது. டிரைவ் ஃபேட்32-இல் ஃபார்மேட் ஆகியிருக்கிறது; அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறு ஃபார்மேட் செய்யுங்கள். வீட்டில் விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கும் இருந்தால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் மேக் தானாக என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: பாதியில் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளும், எக்ஸ்ஃபேட்டுக்கு அப்படி ஒரு குறிப்பேடு இல்லை. மேக்கோடு வரும் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு எக்ஸ்ஃபேட் ஆகாது, அதற்குத் தனி டிரைவ் கொடுத்துவிடுவதே நிம்மதி.

வாங்கியது 2 டிபி, காட்டுவது 1.81

கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. 1 டிபி 931 ஜிபியாகவும், 2 டிபி 1.81 டிபியாகவும், 4 டிபி 3.63 டிபியாகவும் தெரியும். மேக் ஆயிரத்திலேயே எண்ணுவதால் அங்கே முழுதாகக் காட்டும்.

உண்மையான ஏமாற்று வேறு மாதிரி இருக்கும். ஆன்லைனில் கையளவு '16 டிபி எஸ்எஸ்டி' ஒன்றை ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு விற்பார்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், கொள்ளளவு பற்றி விண்டோஸிடமே பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். காப்பி செய்தால் எல்லாம் ஏறியது போலவே காட்டும். ஃபோல்டரில் பெயர்களும் இருக்கும். கார்டின் உண்மையான அளவு தாண்டியதும் புதியது எழுத இடமில்லாமல் டேட்டா தொலைந்துகொண்டே போகும். ஒரு மாதம் கழித்துப் படத்தைத் திறந்தால்தான் சாம்பல் நிறப் பட்டை தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதி, மறுபடி படித்துச் சரிபார்க்கும். மேக், லினக்ஸில் எஃப்3. எங்கே வாங்கினாலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்த கடையிலேயே வாங்கினாலும், முதல் நாள் இதை ஓட்டிவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது, அல்லது பெயர்களுக்குப் பின்னால் புது வால்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிவது பழைய வைரஸ். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. எந்த ஷார்ட்கட்டையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டுகிறது. ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லுங்கள். ஃபைல்கள் மங்கலாகத் தெரியும். அவற்றை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். பிரிண்ட் எடுக்கப் பேக்கப் டிரைவைக் கொண்டு போகாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

படங்களின் பெயருக்குப் பின்னால் புரியாத நான்கைந்து எழுத்து ஒட்டிக்கொண்டு, எதுவும் திறக்காமல், கூடவே பணம் கேட்டு ஒரு குறிப்பு ஃபைல் கிடந்தால் ரான்சம்வேர். 2017 மே மாதத்தில் பரவிய வானாகிரை செருகியிருந்த டிரைவ்களையும் சேர்த்தே பூட்டியது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இது நுழையும் வழி பெரும்பாலும் கிராக் போட்ட மென்பொருள். இந்த நிலையில் மனசு சொல்லும்: 'பேக்கப் டிரைவைச் செருகி, அதில் நன்றாக இருக்கிறதா பார்ப்போம்.' அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்ட பிறகே டிரைவ் பக்கத்தில் வரலாம். பேக்கப் எடுத்து முடித்ததும் டிரைவைக் கழற்றி வைக்க வேண்டும் என்று எல்லோரும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

எஜெக்ட் ஆக மறுக்கிறது

ஏதோ ஒரு மென்பொருள் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபோட்டோ ஆப், வீடியோ பிளேயர், ஆன்டிவைரஸ் ஸ்கேன் எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, விளக்கு அணைந்ததும் கழற்றுங்கள்.

பேக்கப் தினமும் ஓடுகிறது, தேடிய ஃபைல் மட்டும் இல்லை

மற்ற அறிகுறிகளில் டிரைவ் கெட்டது உடனே தெரிந்துவிடும். இதில் எல்லாம் பச்சையாக இருக்கும், தேவைப்படும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி எல்லாவற்றையும் எடுப்பதில்லை. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டெஸ்க்டாப் போன்ற குறிப்பிட்ட ஃபோல்டர்களை மட்டும்தான் எடுக்கும். நம் ஊரில் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை வாங்கும்போதே சி, டி என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். 'முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் போடுங்க சார்' என்று அறிவுரையும் வரும். நாமும் பத்து வருடப் படங்களை அங்கேதான் போட்டிருப்போம். ஃபைல் ஹிஸ்டரி டி டிரைவை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸ் 11 என்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போய், 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுத்தால் சேரும். விண்டோஸ் 11-இல் ஃபைல் ஹிஸ்டரியை செட்டிங்ஸில் தேடாதீர்கள், பழைய கன்ட்ரோல் பேனலில்தான் ஒளிந்திருக்கிறது. செட்டிங்ஸில் தெரியும் 'விண்டோஸ் பேக்கப்' உங்கள் டிரைவுக்கு எதையும் எழுதாது. அது ஒன்டிரைவுக்கு அனுப்புகிறது, இலவசமாக 5 ஜிபிதான்.

ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. ஃபைல் பக்கத்தில் சின்ன மேகம் தெரிந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. பேக்கப்பில் அது சேராது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, மேகம் பச்சை டிக்காக மாறிய பிறகு பேக்கப் எடுங்கள்.

கையால் இழுத்துப் போட்டு காப்பி எடுப்பவர்கள் ஃபைல் சைஸை ஒரு பார்வை பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை எடுத்து டிரைவில் போட்டிருப்பார்கள்; ஐகானின் மூலையில் சின்ன வளைந்த அம்பு. சைஸ் 2 கேபி. அது படமோ கணக்கோ அல்ல, அதற்கு வழிகாட்டும் ஷார்ட்கட். கம்ப்யூட்டர் போனால் அந்த அம்பு காட்டும் இடமும் போய்விடும்.

'சிங்க்', 'மிரர்' என்று பெயர் கொண்ட வழிகளில் எச்சரிக்கை தேவை. மிரர் என்றால் இங்கே இருப்பது போலவே அங்கேயும் ஆக்கு என்று பொருள். இங்கே தவறுதலாக அழித்த ஃபோல்டரை அடுத்த முறை அங்கேயும் விசுவாசமாக அழித்துவிடும். விண்டோஸில் கட்டளை அடித்து காப்பி செய்யும் ரோபோகாப்பியை மிரர் முறையில் ஓட்டும்போது எந்தப் பக்கம் மூலம், எந்தப் பக்கம் நகல் என்று மாற்றிக் கொடுத்தால் காலி டிரைவைப் பார்த்து உங்கள் கம்ப்யூட்டர் ஃபோல்டரைக் காலி செய்துவிடும். பழைய பதிப்புகளைத் தேதி வாரியாக வைத்திருக்கும் முறைதான் வீட்டுக்கு ஏற்றது. ஃபைல் ஹிஸ்டரியும் டைம் மெஷினும் அப்படிப்பட்டவை.

சோதிப்பது சுலபம். டிரைவைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். மூன்று வருடம் பழைய படம் ஒன்று, போன வாரம் திருத்திய எக்செல் ஷீட் ஒன்று, ஒரு நீளமான வீடியோவின் கடைசி நிமிடம். மூன்றும் திறந்தால் பேக்கப் இருக்கிறது. டிரைவை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம்: பாஸ்வேர்டு மறந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. அந்தக் கீயை அதே டிரைவுக்குள் சேமித்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

டிரைவ் நிறைந்துவிட்டது

பழைய பதிப்புகளை எப்போதும் வைத்திரு என்பதே ஃபைல் ஹிஸ்டரியின் இயல்பு. அதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஒரு வருடம் என்று மாற்றி, 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்' கொடுத்தால் இடம் விடுபடும். டைம் மெஷின் பழையதைத் தானே அழித்துக்கொள்ளும். டிரைவ் ரொம்பச் சின்னது என்றால் இதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான். கம்ப்யூட்டரில் இருப்பதைப் போல இரண்டு மடங்காவது டிரைவ் இருக்க வேண்டும்.

சரி, புதிதுதான் வாங்க வேண்டும்

பேக்கப்புக்கு மட்டும் என்றால் என் ஓட்டு சாதாரண 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கே. எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். தினமும் பையில் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் அலமாரியில் மாதக்கணக்கில் சும்மா கிடப்பதற்கு அது அவ்வளவு ஏற்றதல்ல. ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைத் தாங்க வேண்டும் என்பதுதான் மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புது எஸ்எஸ்டி அதைவிட அதிகம் தாங்கும். ஆனால் சூடு கூடக் கூட அந்தக் காலம் குறையும், நம் ஊர் கோடையில் பூட்டிய அறையின் அலமாரி 30-இல் நிற்பதில்லை. எஸ்எஸ்டி வைத்திருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை செருகி, கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

ஒரே பெரிய டிரைவை விட இரண்டு நடுத்தர டிரைவ். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு இதற்காகத்தான்: மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். தரைத்தள வீட்டில் மேசைமேல் கம்ப்யூட்டர், அதன் இழுப்பறையில் பேக்கப் என்றால் இரண்டுக்கும் ஒரே கதிதான். ஒரு டிரைவை அக்கா வீட்டிலோ அலுவலக லாக்கரிலோ வைத்து, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிது வந்ததும் பழைய டிரைவை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது, குயிக் ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். டக் டக் சத்தம் போட்டு ஃபார்மேட்டே ஏற்காத டிரைவை அப்படியே எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். உள்ளே தட்டை உடைத்துவிட்டு ஈ-வேஸ்ட் எடுப்பவரிடம் போடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, அதனால் சுத்தியலை ஓங்கும் முன் கனமான துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.